செல்போன் சொன்ன மருந்தை அப்படியே அடிக்கலாமா?

நடவு செய்து 20 நாள் ஆகிறது. வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பயிர் மஞ்சளாகத் தெரிகிறது. சில வருடங்களுக்கு முன்பு வரை, இப்படி ஏற்பட்டால் விவசாயி ஒரு குத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வயல்காரரிடம் காட்டுவார். அவருக்கும் பிடிபடாவிட்டால் உரக்கடைக்கோ வேளாண்மை அலுவலரிடமோ போவார். இன்று அந்த வேலை வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடுகிறது. படிக்கிற பிள்ளை செல்போனில் ஒரு படம் பிடித்து, "இது என்ன நோய், என்ன மருந்து அடிக்க வேண்டும்?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வருகிறது. அதுவும் தமிழிலேயே வருகிறது. மருந்தின் பெயர், அளவு, தெளிக்கும் நேரம் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன.

செயற்கை நுண்ணறிவு, சுருக்கமாக ஏ.ஐ. என்று சொல்லப்படும் இந்த வசதி 2022-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகுதான் பொதுமக்கள் கைக்கு வந்தது. இப்போது தேடுபொறி, செய்தி அனுப்பும் செயலி, செல்போனின் கேமரா என்று பல இடங்களில் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கேட்காமலே பதில் சொல்கிறது. பல நேரங்களில் அந்தப் பதில் சரியாகவும் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நாலு முறை சரியாகச் சொன்ன வாய் ஐந்தாவது முறை தவறாகச் சொல்லும்போது குரலில் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை. சரியான பதிலும் தவறான பதிலும் ஒரே தெளிவோடு, ஒரே உறுதியோடுதான் வருகின்றன.

பதில் எங்கிருந்து வருகிறது?

நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் படித்துச் சொல்வதைப் போல இந்தச் செயலிகள் பதில் சொல்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். அடிப்படையில் இவை வேலை செய்யும் விதம் வேறு. கோடிக்கணக்கான பக்கங்கள் கொண்ட எழுத்தை இவற்றுக்குக் காட்டி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். கேள்வி கேட்டதும், அந்தப் பழக்கத்தைக் கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கோர்த்துப் பதிலைக் கட்டுகின்றன. "ஏக்கருக்கு" என்ற சொல் வந்துவிட்டால் அடுத்து ஓர் எண் வந்தாக வேண்டும். வழக்கமாக அந்த இடத்தில் வருகிற மாதிரியான ஓர் எண்ணை அவை வைக்கும். அந்த எண் அந்த மருந்துக்கு உரியதா, அந்தப் பயிருக்கு உரியதா என்று நிறுத்துப் பார்க்கிற தராசு அவற்றிடம் இல்லை. டீக்கடை பெஞ்சில் வருடக்கணக்காக உட்கார்ந்து எல்லார் பேச்சையும் கேட்டவர், சேற்றில் கால் வைக்காமலேயே சாகுபடியைப் பற்றிச் சரளமாகப் பேசுவார் அல்லவா? ஏறக்குறைய அப்படித்தான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அதுதான் நடப்பதில்லை. இது ஏன் என்று சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களே 2025 செப்டம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரீட்சையில் விடை தெரியாத மாணவன் வெற்றிடமாக விட்டால் மார்க் இல்லை. எதையாவது எழுதி வைத்தால் ஒருவேளை மார்க் கிடைக்கும். இந்த இயந்திரங்களைப் பழக்குவதும் மதிப்பிடுவதும் இப்படிப்பட்ட பரீட்சை முறையில்தான் என்பதால், தெரியாது என்பதைவிட ஊகித்துச் சொல்வதே அவற்றுக்கு ஆதாயமாகிவிடுகிறது. சாரம் இதுதான்.

கேலி எது, யோசனை எது என்று பிரிப்பதிலும் தடுமாற்றம் உண்டு. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் நிறுவனம் தன் தேடல் பக்கத்தின் தலைப்பில் ஏ.ஐ. பதில்களைக் காட்டத் தொடங்கியது. பீட்சா ரொட்டியில் பாலாடைக்கட்டி ஒட்டாமல் நழுவுகிறதே என்று கேட்டவருக்கு, கொஞ்சம் பசையைச் சேர்க்கும்படி அது சொன்னது. எப்போதோ யாரோ கிண்டலாக எழுதி வைத்த ஒரு வரிதான் அதற்கு ஆதாரம். பசையைச் சாப்பிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் உலகமே சிரித்தது. ஆனால் ஒரு பூச்சி மருந்தின் அளவு இரண்டரை மடங்காக வந்தால் எத்தனை பேருக்குச் சிரிப்பு வரும்?

ஒரே களைக்கொல்லி, மூன்று எண்கள்

இந்த இரண்டரை மடங்கு சும்மா சொன்னதல்ல. நெல் வயலில் பழக்கமான பூட்டாக்ளோர் களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் பல்கலைக்கழக வெளியீடுகளிலும் இதன் அளவு ஹெக்டேருக்கு 1.25 கிலோ என்று இருக்கும். அது கலப்பில்லாத மூல மருந்தின் எடை. கடையில் கிடைப்பது 50 சதவிகிதத் திரவம். ஆகவே கடை மருந்தாகக் கணக்கிட்டால் ஹெக்டேருக்கு 2.5 லிட்டர். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 2.47 ஏக்கர். எனவே ஏக்கருக்கு 1 லிட்டர் என்று முடிகிறது.

ஆக 1.25, 2.5, 1 என்ற மூன்று எண்களும் ஒரே மருந்துக்கு, மூன்றும் சரி. எழுத்தில் இவை மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கின்றன. சொற்களைக் கோர்க்கிற இயந்திரம் எண்ணை ஓரிடத்திலிருந்தும் "ஏக்கருக்கு" என்ற சொல்லை இன்னோரிடத்திலிருந்தும் எடுத்துவிட்டால், "ஏக்கருக்கு 2.5 லிட்டர்" என்று பதில் வரும். வாசிக்க அழகாகத்தான் இருக்கும். நட்ட மூன்றாம் நாள் அதை நம்பி இட்டால் களையோடு பயிரும் கருகி நிற்கும். மாறாக, மூல மருந்தின் எடையைக் கடை மருந்தின் அளவாகச் சொல்லிவிட்டால் களை சாகாது. காசும் கூலியும்தான் போகும்.

உரத்திலும் இதே கதைதான். மத்திய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு சுமார் 60 கிலோ தழைச்சத்து. அது 60 கிலோ யூரியா அல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம்தான் என்பதால், 60 கிலோ தழைச்சத்துக்கு ஏறக்குறைய 130 கிலோ யூரியா தேவை. அதையும் பிரித்து இட வேண்டும். "தழைச்சத்து 60 கிலோ" என்ற வரி "யூரியா 60 கிலோ" என்று புரண்டுவிட்டால் பயிர் பாதிப் பட்டினி. எதிர்ப்பக்கம் புரண்டு, 130 கிலோ தழைச்சத்து என்றாகிவிட்டால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நின்று புகையானையும் குலைநோயையும் வரவேற்கும்.

தெளிக்கும் தண்ணீரின் அளவும் இந்தக் கணக்கில் சேரும். லிட்டருக்கு 2 மில்லி என்பது கைத்தெளிப்பானை மனதில் வைத்துச் சொல்லும் அளவு. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் 400 மில்லி மருந்து போகும். இப்போது பல ஊர்களில் டிரோன் வந்து ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீரிலேயே வேலையை முடிக்கிறது. அங்கேயும் லிட்டருக்கு 2 மில்லி என்றால் 20 மில்லிதான் போகும். எந்தத் தெளிப்பான் என்று கேட்காமலே அளவு சொல்லும் பதில் அரைப் பதில்தான், எத்தனை வரி நீளமாக இருந்தாலும்.

நம் ஊர் அளவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காவிரிப் பாசனப் பகுதியில் நிலத்தை மாவில் சொல்வார்கள். ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். குழி ஊருக்கு ஊர் மாறும். மூட்டையின் எடையும் அப்படியே. "மூணு மா நிலத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் இயந்திரம் எதையோ எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். ஆகவே கேட்கும்போதே ஏக்கர், சென்ட், கிலோ என்று மாற்றிக் கேட்பது நல்லது.

படம் பார்த்து நோய் சொல்வது

செல்போன் கேமராவில் இலையைக் காட்டினால் நோயைச் சொல்லிவிடும் என்ற விளம்பரங்களுக்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. பயிர் நோய்ப் படங்களைக் கொண்டு கம்ப்யூட்டரைப் பழக்கும் முயற்சிகளில் பிரசித்தமான ஒன்று 2016-இல் வெளியானது. 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். பழக்கிய பிறகு, அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டிச் சோதித்தபோது 99.35 சதவிகிதம் சரியாகச் சொன்னது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அதே கம்ப்யூட்டருக்கு வேறு இடங்களில், வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோது சரியான விடை 31 சதவிகிதமாக இறங்கிவிட்டது. ஆராய்ச்சியாளர்களே இதை மறைக்காமல் தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

காரணம் என்ன? அந்தப் படங்கள் ஒற்றை இலையைக் கிள்ளி, ஒரே நிறமான பரப்பின் மேல் வைத்து எடுத்தவை. பின்னர் 2022-இல் இன்னொருவர் அந்தத் தொகுப்பைச் சோதித்தார். இலையையே காட்டவில்லை. படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 புள்ளிகளை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினார். இலையைப் பார்க்காமலே அது 49 சதவிகிதம் சரியான நோயைச் சொன்னது! குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவிகிதம்தான் சரியாக வர வேண்டும். அதாவது ஒரு நோயின் படங்களெல்லாம் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருந்ததால், கம்ப்யூட்டர் நோயைக் கற்றுக்கொள்வதற்குப் பதிலாகப் பின்னணியின் நிறத்தைக் கற்றுக்கொள்ள வழி இருந்தது. ஆளின் முகத்தைப் பார்க்காமல் சட்டையை வைத்து அடையாளம் சொல்வது போல.

அந்த 14 பயிர்களில் ஆப்பிள் உண்டு, திராட்சை உண்டு, தக்காளியும் மக்காச்சோளமும் உண்டு. நெல் இல்லை, நிலக்கடலை, கரும்பு, வாழை எதுவும் இல்லை. அதன் பிறகு வயலிலேயே எடுத்த படங்களைக் கொண்டும் வேறு பயிர்களைக் கொண்டும் பழக்கிய செயலிகள் வந்திருக்கின்றன. அவை முன்னேறியும் உள்ளன. ஆனாலும், விளம்பரத்தில் 99 சதவிகிதம் என்று பார்த்தால், யாருடைய வயலில் எடுத்த 99 என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை.

கேமரா எத்தனை நல்லதானாலும் அதன் கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு. முதலில் சொன்ன மஞ்சள் நெற்பயிருக்கே திரும்புவோம். அடி இலைகள் முதலில் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்து இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. நட்ட இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் அடி இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் வந்து, பயிர் திட்டுத் திட்டாக வளர்ச்சி குன்றினால் துத்தநாகக் குறைவு. நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, குத்துகள் அங்கங்கே குட்டையாக நின்றால் துங்ரோ நச்சுயிரி நோய். அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. வட்ட வட்டமாகக் காய்ந்து புகைந்தாற்போல் ஆனால் புகையான். செல்போனில் பிடித்த இலை நுனியின் படத்தில் இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று சகோதரர்கள் மாதிரிதான் தெரியும். எந்த இலை முதலில் மஞ்சளானது, எத்தனை நாளாக இருக்கிறது, வயலில் எந்த வடிவில் பரவுகிறது என்பதெல்லாம் விவசாயிக்குத்தான் தெரியும்.

புகையானா என்று பார்க்கக் குனிந்துதான் ஆக வேண்டும். குத்தை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே அடிப்பாகத்தில் லேசாகத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து மிதக்கும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிற வயலானால் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். இந்தக் கணக்கில் சிலந்தியும் ஒரு கூலியில்லாத வேலையாள். படத்தைப் பார்த்துவிட்டு "சாறு உறிஞ்சும் பூச்சி" என்று பொதுவாகச் சொல்லி, செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்து ஒன்றை எந்தச் செயலியாவது எழுதிக் கொடுத்தால், அதை அடித்த வயலில் சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் அழிந்து, புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். மருந்துக்கும் செலவு, பயிருக்கும் சேதம்.

பெயரிலும் குழப்பம்

இணையத்தில் ஆங்கில எழுத்து மலையளவு, தமிழ் எழுத்து மடுவளவு. ஆகவே தமிழில் கேட்டாலும் பல நேரங்களில் பதிலின் சரக்கு வேறு மொழியிலிருந்து, வேறு தேசத்து மண்ணிலிருந்து வருகிறது. கிராமத்துப் பெயர்கள் அங்கே போய்த் தடம் மாறுகின்றன. ஆனைக்கொம்பன் என்பது நெல்லில் வெங்காயத் தாள் போன்ற குழலை உண்டாக்கும் ஓர் ஈ. அதே பெயரில் ஒரு பாரம்பரிய நெல் ரகமும் உண்டு. படைப்புழு என்றால் மக்காச்சோளத்தைச் சூறையாடும் அமெரிக்கப் படைப்புழு இன்று எல்லார் நினைவுக்கும் வரும். அது இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் தென்பட்டது 2018-இல்தான். அதற்கு முன்பிருந்தே நெல் நாற்றங்காலைத் தின்னும் வேறொரு புழுவையும் படைப்புழு என்றே அழைத்து வந்தார்கள். பழைய பக்கத்தில் படித்த மருந்தைப் புதிய புழுவுக்குச் சொன்னால் குற்றம் புழுவின் மேல் இல்லை.

பழைய பக்கம் என்றதும் இன்னொன்று. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது. போரேட் குருணை மருந்தின் உபயோகம் 2020 டிசம்பரோடு முடிந்தது. மானோகுரோட்டோபாஸ் 36 சதவிகிதத் திரவத்துக்கு 2023-இல் மத்திய அரசு தடை ஆணை பிறப்பித்து, இருப்பைத் தீர்க்க ஓராண்டு அவகாசம் கொடுத்தது. இந்த மூன்றையும் சிபாரிசு செய்த பக்கங்கள் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் குவிந்து கிடக்கின்றன. தடை செய்த செய்தியோ சில நூறு வரிகள். இயந்திரம் பழகிய எழுத்தில் எது கனமாக இருக்குமென்று சொல்லத் தேவையில்லை. தடையான மருந்தின் பெயர் செல்போனில் வந்தால், மீதமிருக்கும் பழைய புட்டியை யாராவது எடுத்து வரக்கூடும். காய்கறியில் அது பட்டால் தின்பவர் வரைக்கும் போகும்.

சந்தை விலை, மழை, அரசு மானியத்தின் கடைசித் தேதி ஆகியவற்றிலும் இதே எச்சரிக்கை தேவை. இணையத்தில் அப்போதே தேடிப் பார்க்காத செயலிக்கு, அது கடைசியாகப் பழக்கப்பட்ட நாளோடு உலகம் நின்றுவிடுகிறது. தேடிப் பார்க்கும் செயலிகள் ஆதாரத்தைக் காட்டுகின்றன. ஆனால் அந்த ஆதாரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எந்த மாநிலத்துக்குச் சொன்னது, எந்த வருடம் சொன்னது, ஹெக்டேரா ஏக்கரா என்று பார்க்காவிட்டால் ஆதாரம் இருந்தும் பயனில்லை. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கமும் பி.பி.சி.யும் 18 நாடுகளின் 22 ஒலிபரப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2025-இல் நடத்திய சோதனையில், செய்தி பற்றிய கேள்விகளுக்கு ஏ.ஐ. சொன்ன பதில்களில் 45 சதவிகிதத்தில் பெரிய குறை ஒன்றாவது இருந்தது. அது செய்தியைப் பற்றிய சோதனை, விவசாயத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் ஆதாரம் காட்டுவதில் வந்த கோளாறுகள் அதில் மிகுதி என்பதை நினைவில் வைக்கலாம்.

கலந்து அடிக்கும் வழக்கம்

கூலி மிச்சம் என்று இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து அடிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. "இதையும் அதையும் கலக்கலாமா?" என்ற கேள்வியை இயந்திரத்திடம் விடுவதில் ஆபத்து அதிகம். நியூசிலாந்தில் ஒரு பலசரக்கு நிறுவனம், வீட்டில் இருக்கும் சாமான்களின் பெயரைக் கொடுத்தால் சமையல் குறிப்பு சொல்லும் ஏ.ஐ. வசதியை 2023-இல் கொடுத்தது. சோதனைக்காகச் சிலர் துணி வெளுக்கும் திரவத்தையும் அம்மோனியாவையும் பட்டியலில் சேர்த்தார்கள். அது கொஞ்சமும் தயங்காமல், அவற்றைக் கலந்து மணமுள்ள பானம் தயாரிக்கச் சொன்னது. கலந்தால் விஷவாயுதான் கிளம்பும். கேட்ட இரண்டு பொருளையும் ஒரு வாக்கியத்தில் சேர்க்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரிந்தது.

வயலில் இதற்குச் சமமானவை உண்டு. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்ற உயிர் மருந்துகளை ரசாயனப் பூசணக்கொல்லியோடு கலந்தால், காசு கொடுத்து வாங்கிய நல்ல உயிரி டேங்கிலேயே செத்துப்போகும். சேரக்கூடியவை, சேரக்கூடாதவை எவை என்பதற்குப் புட்டியோடு வரும் துண்டுத்தாளும் அலுவலரின் சொல்லும்தான் சாட்சி.

கேட்கும் விதம்

இந்த இயந்திரங்களுக்கு இன்னொரு குணம்: கேட்பவர் முகம் கோணாமல் பேசுவது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாறுதலால் அது எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டு அளவுக்கு மீறிப் புகழ ஆரம்பித்ததால், நிறுவனமே அந்த மாறுதலைத் திரும்பப் பெற்றது. இப்போதும் அந்தக் குணம் முற்றிலும் போய்விடவில்லை. "இது புகையான்தானே?" என்று கேட்டால், "ஆம், புகையான் தாக்குதல்தான்" என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். "இது துத்தநாகக் குறைவுதானே?" என்று அதே படத்தைக் காட்டினால் அதற்கும் தலையாட்டக்கூடும். சரியான பதில் சொன்ன பிறகு, "நிச்சயமாகவா?" என்று அதட்டினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தவறான பதிலுக்கு மாறுவதும் உண்டு.

ஆகையால் கேள்விக்குள் விடையை வைத்துக் கேட்கக் கூடாது. என்ன மருந்து என்று கேட்பதைவிட, "கோ 51 ரகம், நட்டு 20 நாள், அடி இலையில் பழுப்புப் புள்ளி, களர் மண், என்னென்ன காரணங்கள் இருக்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரித்தறிவது?" என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும். வயலில் எதைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும். அளவைப் பற்றிய கேள்வியானால், வேறு வேறு சமயத்தில் புதிதாகத் தொடங்கி மூன்று முறை கேட்டுப் பார்க்கலாம். எண் மாறினால் மூன்றையும் விட்டுவிட வேண்டியதுதான். மாறாவிட்டாலும் அது சரியென்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஒரே தவறை மூன்று முறையும் சொல்லலாம்.

இதை வீட்டிலிருந்து விரட்ட வேண்டும் என்பதல்ல. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தின் பொருளை எளிதாகச் சொல்ல, தாசில்தாருக்கு மனு எழுத, காப்பீட்டுப் படிவத்தில் உள்ள கடினமான சொற்களை விளக்க இது நல்ல எழுத்தர். பி.எம். கிசான் உதவித்தொகை பற்றிய கேள்விகளுக்கு மத்திய அரசே 2023-இல் கிசான் இ-மித்ரா என்ற இத்தகைய சேவையைத் தொடங்கியிருக்கிறது. எழுத்தில் தவறு வந்தால் அடித்துத் திருத்தலாம். அடித்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

நஷ்டம் யார் தலையில்?

கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் இருந்த பதில் சொல்லும் இயந்திரம், துக்க காரியத்துக்குப் பயணம் செய்தவரிடம் கட்டணச் சலுகையைப் பிறகு கேட்டு வாங்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. கம்பெனி பணம் தர மறுத்தது. அந்த இயந்திரம் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் வாதாடியது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. அங்கே கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நடுவில் ஒரு டிக்கெட் இருந்தது.

இலவசச் செயலியிடம் யோசனை கேட்ட விவசாயியின் கையில் என்ன இருக்கிறது? பதிலுக்குக் கீழே பொடி எழுத்தில், "தவறு நேரலாம், முக்கியமானவற்றைச் சரிபார்க்கவும்" என்ற வரிதான். பயிர்க் காப்பீடு புயல், வெள்ளம், வறட்சி போன்றவற்றுக்குத் துணை நிற்கும். தவறான மருந்தால் கருகிய பயிருக்கு நிற்காது. உரக்கடைக்காரர் தவறான மருந்து கொடுத்தால், ரசீது இருக்கிறது, 1968-ஆம் வருடத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் வாங்கிய லைசென்ஸ் இருக்கிறது, நுகர்வோர் மன்றம் இருக்கிறது. செல்போனை எந்த மன்றத்தில் நிறுத்துவது? ஆகவே எந்த மருந்தையும் ரசீதோடு வாங்குவதும், காலிப் புட்டியை அறுவடை வரை பத்திரமாக வைப்பதும் பழைய வழக்கமானாலும் இன்றும் அவசியம்.

புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளும் உள்ளே மடித்து வைத்த துண்டுத்தாளும்தான் அரசு பதிவுக் குழு ஒப்புக்கொண்ட அளவைச் சொல்கின்றன. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, அடித்த எத்தனை நாள் கழித்து அறுவடை என்பது அதில் தமிழிலும் இருக்கும். செல்போன் ஒன்று சொல்லி, துண்டுத்தாள் வேறு சொன்னால் துண்டுத்தாளையே கொள்ள வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் சிவப்பு கடும் விஷம். பச்சை ஓரளவு குறைந்த விஷம். மருந்து உடலில் பட்டோ உள்ளே போயோ மயக்கம் வந்தால் செல்போனில் வைத்தியம் கேட்டு நேரம் போக்கக் கூடாது. 108-க்குச் சொல்லி, அந்தப் புட்டியையும் துண்டுத்தாளையும் கையோடு அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முறிவு மருந்தின் பெயர் அந்தத் தாளில்தான் அச்சிடப்பட்டிருக்கும்.

பயிரைப் பற்றிய சந்தேகங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ பாதிக்கப்பட்ட ஒரு குத்தையும் நல்ல ஒரு குத்தையும் வேரோடு கொண்டுபோய்க் காட்டி விளக்கம் பெறலாம். போக முடியாதவர்கள் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். செல்போனில் வந்த ஏ.ஐ. பதிலை அவர்களிடம் படித்துக் காட்டி, ஏக்கருக்கா ஹெக்டேருக்கா, எந்தத் தெளிப்பானுக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போகலாம்.